வளர்ச்சிக்கு விலை கொடுத்தவர் யார்?

உலக வரைபடத்தில் வளர்ந்த நாடுகளுக்குப் பச்சை நிறமும் வளரும் நாடுகளுக்கு மஞ்சள் நிறமும் தீட்டி வரும்படி இவ்வாண்டு எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை பணித்தார். தீட்டி முடித்ததும் ஒரு வினாவையும் எழுப்பினார். "சில நாடுகள் முன்னேறின, சில நாடுகள் பின்தங்கின. ஏன்?"

விடைகள் மளமளவென்று வந்தன. "அங்கே குளிர் அதிகம், அதனால் சுறுசுறுப்பு" என்றாள் ஒருத்தி. "அவர்கள் மண்ணில் எண்ணெயும் இரும்பும் இருக்கின்றன" என்றாள் மற்றொருத்தி. "அவர்கள் உழைப்பாளிகள், நாம் சோம்பேறிகள்" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. வகுப்பு முழுவதும் சிரித்தது. மறைக்கல்வி வகுப்பில் படித்த தாலந்து உவமையும் எங்களுக்குத் துணைக்கு வந்தது. ஐந்து தாலந்து பெற்றவன் அதைப் பெருக்கினான். ஒன்று பெற்றவன் மண்ணில் புதைத்தான். நாடுகளின் கதையும் அதுதான் என்று நாங்கள் முடிவு கட்டினோம்.

மணி அடித்துவிட்டது. ஆனால் அந்தச் சிரிப்பு மனத்தில் முள்ளாய்த் தைத்தது. பொழுது புலருமுன் எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, வேலைக்கும் சென்று, இரவு பத்து மணிக்குப் பாத்திரம் தேய்க்கும் நம் அன்னையர் சோம்பேறிகளா? சித்திரை வெயிலில் சாலை போடுவோர் சோம்பேறிகளா? உழைப்பு மட்டுமே செல்வத்தைத் தருமாயின் இவர்கள் அல்லவா கோடீசுவரர்களாக இருக்க வேண்டும்! ஆகவே வேறு காரணம் இருக்கத்தான் வேண்டும். அதைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கூடத்தில் நமக்கு ஒரு பாடம் சொல்லித் தருகிறார்கள். இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்து, ஒன்றைத் தவிர மற்ற யாவற்றையும் சமமாக வைத்தால்தான் அந்த ஒன்றின் விளைவு புலப்படும். நாடுகளைச் சோதனைக் குழாயில் இட முடியாது என்பது உண்மையே. ஆயினும் வரலாறு ஒரு முறை ஏறத்தாழ அத்தகைய சோதனையைச் செய்து காட்டியது. அந்த இடம் கொரியா.

கொரிய மக்கள் ஓர் இனத்தவர். ஒரே மொழி பேசுபவர். ஒரே உணவை உண்பவர். 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் ஒன்றாகவே துன்புற்றவர். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது, அமெரிக்க இராணுவ அதிகாரிகள் இருவர் வரைபடத்தின் மீது 38-ஆம் அட்சக்கோட்டை எல்லையாகக் குறித்தனர். அந்தக் கோடு ஒரு நாட்டை இரண்டாக்கியது. வடக்கு சோவியத் படையிடமும், தெற்கு அமெரிக்கப் படையிடமும் சென்றன. 1950 ஜூன் 25 அன்று தொடங்கிய போர் 1953 ஜூலை 27 வரை நீடித்தது. தலைநகர் சியோல் மட்டும் நான்கு முறை கை மாறியது. போர் நிறுத்தம் கையெழுத்தாயிற்று. சமாதான உடன்படிக்கை இன்று வரை கையெழுத்தாகவில்லை.

இனி, எங்கள் வகுப்பு சொன்ன விடைகளை ஒவ்வொன்றாக இந்தச் சோதனையில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, குளிர். வடக்கே குளிர் இன்னும் அதிகம். ஆனால் அங்கேதான் வறுமை. எனவே அந்த விடை தவறு.

இரண்டாவது, மண்ணின் வளம். நிலக்கரியும் இரும்புத் தாதுவும் பெரும்பாலும் வடக்கே இருந்தன. ஜப்பானியர் கட்டிய பெரிய நீர்மின் நிலையங்களும் உரத் தொழிற்சாலையும் வடக்கே இருந்தன. தெற்கில் இருந்தவை பெரும்பாலும் நெல் வயல்களே. 1948 மே மாதத்தில் வடக்கு மின்சாரத்தை நிறுத்தியபோது தெற்கு இருளில் தவித்தது. 1960-களில்கூட வடக்கே முன்னணியில் இருந்தது. 1961-ல் தென் கொரியாவின் தலா வருமானம் ஆண்டுக்கு 100 டாலருக்கும் குறைவு. அன்று அது நம் இந்தியாவின் வருமானத்துக்கு ஏறத்தாழ சமமாகவே இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இன்றோ அது 30,000 டாலருக்கும் மேல். 1996-ல் செல்வ நாடுகளின் கூட்டமைப்பில் சேர்ந்த தென் கொரியா, 2010-ல் அக்கூட்டமைப்பின் உதவி வழங்கும் நாடுகளின் குழுவிலும் இடம் பெற்றது. கை நீட்டி வாங்கிய நாடு கொடுக்கும் நாடாகிவிட்டது! வடக்கோ 1990-களின் நடுவில் கொடிய பஞ்சத்தில் பல இலட்சம் மக்களைப் பறிகொடுத்தது.

மூன்றாவது, சோம்பல். ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள் சிலர் கோட்டுக்கு வடக்கேயும் சிலர் தெற்கேயும் அகப்பட்டுக்கொண்டனர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் தெற்கே இருந்தவர் மட்டும் உழைப்பாளியாகவும், வடக்கே இருந்தவர் மட்டும் சோம்பேறியாகவும் ஆகிவிட்டாரா? நகைப்புக்கு இடமான பேச்சு அல்லவா அது! எங்கள் வகுப்பு சிரித்த சிரிப்பை இந்த இடத்தில் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.

அப்படியானால் காரணம்தான் என்ன? "இரும்புக் கரத்தோடு ஆளும் தலைவர் வேண்டும், அதனால்தான் தெற்கு முன்னேறியது" என்று சொல்வோர் உண்டு. 1961-ல் இராணுவப் புரட்சியால் ஆட்சிக்கு வந்து 1979 வரை ஆண்ட பார்க் சுங் ஹீ அவர்களை எடுத்துக்காட்டுவர். ஆனால் வடக்கே இருந்த கரமும் இரும்புக் கரம்தானே! இரண்டுக்கும் பொதுவானது இரண்டின் வேறுபாட்டுக்குக் காரணமாக முடியாது. அயல்நாட்டு உதவியும் அவ்வாறே. தெற்குக்கு அமெரிக்கா கொடுத்தது. வடக்குக்குச் சோவியத் நாடும் சீனமும் கொடுத்தன.

தொடக்கத்தில் இருவரும் செய்த நல்ல காரியங்களும் இரண்டு உண்டு. ஒன்று நிலப் பகிர்வு. வடக்கு 1946-ல் நிலத்தை இலவசமாகப் பகிர்ந்தது. பிறகு அதைக் கூட்டுப் பண்ணைகளாக்கி உழவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. தெற்கு 1949-ல் சட்டம் இயற்றி, ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ ஏழரை ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வாங்கிக் குத்தகை உழவருக்கு அளித்தது. உழவர் விளைச்சலில் ஒரு பங்கை ஐந்து ஆண்டுகள் கட்டி நிலத்தைச் சொந்தமாக்கிக்கொண்டனர். மற்றொன்று கல்வி. 1945-ல் பெரியவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். போர் நடந்த நாட்களிலேயே தென் கொரியப் பிள்ளைகள் கூடாரங்களில் பாடம் படித்தனர். ஒரு வகுப்பில் அறுபதுக்கு மேற்பட்டோர் அமர்ந்து, காலையும் மாலையும் இரு முறையாகப் பள்ளிகள் நடந்தன. தன் நிலத்தில் தான் பயிரிட்ட உழவர், மாட்டை விற்றேனும் மகனைக் கல்லூரிக்கு அனுப்பினார்.

கல்வி இருபுறமும் இருந்தது. அப்படியிருக்க, பாதைகள் எங்கே பிரிந்தன? கற்ற கையை உலகச் சந்தைக்குத் திறந்துவிட்டதில் பிரிந்தன. வடக்கு தற்சார்பு என்ற பெயரில் கதவை அடைத்துக்கொண்டு, இருந்த செல்வத்தில் பெரும்பகுதியைப் படைக்கருவிகளில் போட்டது. 1970-களில் வாங்கிய கடனைத் திருப்பித் தராமல் நின்றதால் அயலார் நம்பிக்கையையும் இழந்தது. 1991-ல் சோவியத் ஒன்றியம் சிதறியதும் மலிவாக வந்த எண்ணெய் நின்றது. எண்ணெய் நின்றதும் உரமும் நின்றது. உரம் நின்றதும் விளைச்சல் வீழ்ந்தது. தவறு செய்கிறோம் என்று ஆட்சியாளரிடம் சொல்ல அந்த நாட்டில் ஒருவருக்கும் வாய் இல்லை.

தெற்கோ 1962 முதல் ஐந்தாண்டுத் திட்டங்களைத் தீட்டிற்று. ஏற்றுமதி செய்யும் ஆலைக்கே மலிவான கடன் என்று விதித்தது. 1965-ல் ஜப்பானுடன் செய்த உடன்படிக்கையால் 30 கோடி டாலர் கொடையாகவும் 20 கோடி டாலர் கடனாகவும் கிடைத்தன. அதில் ஒரு பகுதியைக் கொண்டு போஹாங் நகரில் எஃகு ஆலை கட்டி 1973-ல் உற்பத்தியைத் தொடங்கியது. சுரங்கத் தொழிலாளர் ஏறத்தாழ 8,000 பேரும், செவிலியர் 10,000 பேருக்கு மேலும் மேற்கு ஜெர்மனிக்குச் சென்று உழைத்துப் பணம் அனுப்பினர். 1964-ல் 10 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி 1977-ல் 1,000 கோடி டாலரை எட்டியது. பதின்மூன்றே ஆண்டுகளில் நூறு மடங்கு!

பாடநூல் எழுதுவோர் பலர் இந்த இடத்தில் வியப்புக்குறி இட்டுக் கட்டுரையை முடித்துவிடுவர். நாம் முடிக்க இயலவில்லை. ஏனெனில், அந்த 10 கோடி டாலருக்கு எதை விற்றார்கள் என்று தேடிப் பார்த்தபோது நமக்கு நெஞ்சு கனத்தது. காரும் கப்பலும் பிற்காலத்தில் வந்தவை. 1960-களில் அவர்கள் விற்றவை ஒட்டுப்பலகை, துணி, தைத்த ஆடை, பொய்முடி. ஆம், தலைமுடியால் செய்த டோப்பா! முடி வாங்குவோர் ஊர் ஊராகச் சென்றனர். ஏழைத் தாய்மார் தம் கூந்தலை அறுத்து விற்று அரிசி வாங்கினர். இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டிப் பள்ளிக்கு வரும் நமக்கு அதன் பொருள் விளங்காமல் போகுமா? அந்த முடியை இழை இழையாகக் கோத்தவர்களும், சட்டைகளைத் தைத்தவர்களும் யார்? கிராமத்திலிருந்து வந்த இளம்பெண்கள். அவர்களில் பலர் நம் வயதினர். சிலர் நம்மிலும் இளையவர்.

சியோல் நகரில் 'அமைதிச் சந்தை' என்று பெயர் கொண்ட ஆடைச் சந்தை ஒன்று இருந்தது. அதன் மாடியறைகளைக் குறுக்கே பலகையால் தடுத்து, ஒன்றை இரண்டாக்கியிருந்தனர். நிமிர்ந்து நிற்கக்கூட உயரம் இல்லாத அந்த அறைகளில் பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமிகள் ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் வேலை செய்தனர். துணித் தூசியால் நுரையீரல் கெட்டது. உறக்கம் வராதிருக்க மாத்திரை கொடுக்கப்பட்டது. அங்கே துணி வெட்டும் வேலை செய்த ஜொன் டே இல் என்ற இளைஞர், பசியோடிருந்த சிறுமிகளுக்குத் தம் பஸ் காசில் ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு நெடுந்தூரம் நடந்தே வீடு செல்வாராம். நாட்டில் தொழிலாளர் சட்டம் இருக்கிறது என்பதை அறிந்து, அதை நிறைவேற்றும்படி அதிகாரிகளுக்கு மனுக்கள் கொடுத்துப் பார்த்தார். பயனில்லை. 1970 நவம்பர் 13 அன்று, இருபத்திரண்டு வயதில், அந்தச் சட்டப் புத்தகத்தோடு தம் உடலிலும் தீ வைத்துக்கொண்டு உயிர் நீத்தார். உயிர் இறைவனுடையது என்று கற்ற நாம் அவர் தேர்ந்த வழியை ஏற்க முடியாது. ஆனால் அவரை அந்த எல்லைக்குத் தள்ளிய மௌனத்தையும் ஏற்க முடியாது. அவருடைய அன்னை லீ சோ சன் 2011-ல் இறக்கும் வரை தொழிலாளருக்காகவே வாழ்ந்தார்.

அந்தப் பெண்களை அரசு மேடைகளில் 'தொழில் போர்வீரர்' என்று புகழ்ந்தது. தெருவிலோ அவர்களை ஏளனமாக அழைக்கத் தனியே ஒரு சொல் இருந்தது. அவர்கள் கூலியில் தமக்கென வைத்துக்கொண்டது சொற்பம்; எஞ்சியது தம்பியின் பள்ளிக் கட்டணமாகவும் அண்ணனின் கல்லூரிக் கட்டணமாகவும் ஊருக்குச் சென்றது. பிற்காலத்தில் பொறியியலாளராகவும் அதிகாரியாகவும் விளங்கிய ஆடவர் பலரின் பின்னால், ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட ஓர் அக்காள் இருந்தாள்.

திருச்சபை வாளாவிருந்ததா? இல்லை என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு மகிழ்ச்சியே. 1967-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் மக்களின் முன்னேற்றம் குறித்து ஒரு சுற்றுமடல் வரைந்தார். பணம் பெருகுவது மட்டும் வளர்ச்சி அன்று, ஒவ்வொரு மனிதரும் முழு மனிதராக வளர வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே கொரியாவின் கங்குவா தீவில், நெசவாலையில் சங்கம் அமைத்த கத்தோலிக்க இளம் தொழிலாளர் வேலையிழந்தபோது, கொரிய ஆயர்கள் அவர்கள் பக்கம் நின்று அறிக்கை விடுத்தனர். அவர்களுள் ஒருவர் பின்னாளில் கர்தினாலான ஸ்டீபன் கிம் சூ ஹ்வான். 1987 ஜூனில் மக்களாட்சி கேட்ட மாணவர்கள் மியோங்டோங் பேராலயத்தில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களைப் பிடிக்கக் காவல் துறை வருமானால் முதலில் தம்மைக் கடந்தே வர வேண்டும் என்று கர்தினால் உறுதியாகக் கூறிவிட்டார். காவல் துறை உள்ளே நுழையவில்லை.

1979 ஆகஸ்டில் நடந்ததையும் மறத்தல் ஆகாது. ஒரு டோப்பா ஆலையை முதலாளி மூடிவிட, ஏறத்தாழ இருநூறு பெண் தொழிலாளர் எதிர்க்கட்சி அலுவலகத்தில் அமர்ந்து நியாயம் கேட்டனர். நள்ளிரவில் காவல் துறை புகுந்தது. இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி உயிரிழந்தாள். அதனால் மூண்ட அரசியல் கொந்தளிப்பின் முடிவில், இரண்டரை மாதத்துக்குள் பார்க் ஆட்சியே முடிவுற்றது. முடி கோத்த பெண்கள் தொடங்கிய கேள்வி, ஆட்சியையே அசைத்துவிட்டது! அதன் பின்னும் எட்டு ஆண்டுகள் போராடியே, 1987-ல் தென் கொரிய மக்கள் தம் குடியரசுத் தலைவரைத் தாமே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றனர். தொழிலாளர் கூலியும் அதன் பிறகே விரைவாக உயர்ந்தது.

ஆகவே நம் கருத்து இதுதான். நாடுகளுக்கிடையே உள்ள வேறுபாடு இரத்தத்தில் இல்லை, குளிரில் இல்லை, மண்ணுக்கடியிலும் இல்லை. உழுபவனுக்கு நிலம், பிள்ளைக்குப் பள்ளி, கற்ற கைக்கு ஏற்ற வேலை, தவறு நேர்ந்தால் தட்டிக் கேட்கும் உரிமை, இந்த நான்கும் ஒரு நாட்டில் எந்த அளவுக்கு அமைகின்றனவோ அந்த அளவுக்கு அந்நாடு வளர்கிறது. தெற்குக்கு நான்காவது தாமதமாக வந்தது. வடக்குக்கு இன்னும் வரவில்லை.

"எந்த ஏழை நாடும் யாராவது தியாகம் செய்யாமல் முன்னேற முடியுமா? அந்த ஆலைகளும் இல்லாவிட்டால் அப்பெண்கள் பட்டினி கிடந்திருப்பார்களே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அந்தத் தலைமுறைப் பெண்களில் பலர் தம் உழைப்பைப் பெருமையோடு நினைவுகூர்கின்றனர். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு இரவுப் பள்ளியில் படித்துத் தேறியவர்களும் உண்டு. ஆலைகளை மூடுக என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தியாகம் என்பது ஒருவர் மனமுவந்து கொடுப்பது. கேளாமல் எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு. கூலியைப் பிடித்து வைத்த செல்வரைப் புனித யாக்கோபு தம் திருமுகத்தில் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்பதை நாம் அறிவோம்.

அந்தக் கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை. செல்வ நாடுகளிடையே ஆண் பெண் ஊதிய வேறுபாடு மிகுதியாக உள்ள நாடு இன்றும் தென் கொரியாவே. அங்கே 2023-ல் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகளின் சராசரி 0.72. அதற்குக் காரணங்கள் பல. தாயானால் வேலையிலும் வாழ்விலும் பெண் இழப்பது மிகுதி என்பது அவற்றுள் ஒன்று. கட்டடம் உயர்ந்து, தொட்டில் காலியாகிவிட்டது.

இவையெல்லாம் கடல் கடந்த நாட்டின் கதை என்று நாம் இருந்துவிடலாமா? 1961-ல் அவர்களும் நாமும் ஏறத்தாழ ஒரே படியில் நின்றோம். 1998 முதல் ஸ்ரீபெரும்புதூர் அருகே கொரிய நிறுவனத்தின் கார்கள் உருவாகின்றன. நம் மாநிலத்து நூற்பாலைகளும் ஆடை ஆலைகளும் உலகுக்கே துணி தருகின்றன. அவற்றுள் சிலவற்றில் பதின்ம வயதுப் பெண்கள் விடுதியில் தங்கி மூன்றாண்டு உழைத்து, முடிவில் திருமணத்துக்கென்று ஒரு தொகை பெறும் ஏற்பாடு நடந்ததை நாடறியும்.

எங்கள் வகுப்பில் மூன்றாவது வரிசையில் ஓர் இடம் ஜூன் மாதம் முதல் காலியாக இருக்கிறது. அங்கே அமர்ந்திருந்தவள் கணிதத்தில் எங்கள் எல்லோரையும் விட முந்தி விடை சொல்வாள். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் ஆலை வேலைக்கு அனுப்பப்பட்டாள். அவள் தம்பி வேறு பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறான். 'சோம்பேறிகள்' என்ற சொல்லுக்கு நாங்கள் சிரித்த அன்று அவள் அங்கே எட்டு மணி நேரமாக நின்றுகொண்டு நூல் இழை முடிந்திருப்பாள் என்ற நினைவே எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

தாலந்து உவமையை இப்போது மறுபடியும் வாசிக்கிறோம். ஊழியன் தன் தாலந்தைத் தானே புதைத்தான். எங்கள் தோழி தன் தாலந்தைப் புதைக்கவில்லை. அதை அவள் கையிலிருந்து வாங்கிப் புதைத்தது வீட்டின் கடன்; ஊரின் வழக்கம்; கேட்காமல் இருந்த நாம் எல்லோரும்.

பூசை விடுமுறைக்கு அவள் ஊருக்கு வந்தபோது, எங்களில் நால்வர் சென்று அவளைக் கண்டோம். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வழி உண்டு என்று சகோதரி ஒருவர் விசாரித்துச் சொன்னார். எங்கள் கணிதக் குறிப்பேடுகளைப் படி எடுத்துக் கொடுத்தோம். "நேரம் கிடைத்தால் படிக்கிறேன்" என்றாள். கிடைக்குமா என்பது அவள் கையில் மட்டும் இல்லை.

இவ்விதழை வாசிக்கும் பெற்றோர்களே, மகனின் கட்டணத்துக்காக மகளின் படிப்பை நிறுத்த எண்ணும் நாளில் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். முன்னாள் மாணவியரே, உங்கள் ஊரில் நின்றுபோன ஒருத்தியைத் தேடிச் செல்லுங்கள். தோழியரே, அடுத்த முறை வரைபடத்துக்கு நிறம் தீட்டும்போது, பச்சை நிறத்துக்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்டுவிட்டுத் தீட்டுவோம். நம் நாட்டையும் பச்சையாக்குவோம். ஆனால் ஒருத்தியின் இடத்தையும் காலியாக்காமல் ஆக்குவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி